முழுப்பரீட்சை லீவு

2023 பிப்ரவரியில் அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் எல்லோரும் நேரில் வந்தாக வேண்டும். டீம் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் குவிந்தன. கேப் உண்டா, பழைய ஐ.டி. கார்டு செல்லுமா, கேன்டீனில் அந்த தோசைக்காரர் இன்னும் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்டார்கள். சின்னப் பிள்ளை வைத்திருந்த நாங்கள் நாலைந்து பேர் மட்டும் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. தனியாக ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டோம். ஏப்ரல் கடைசியில் முழுப்பரீட்சை முடிந்துவிடும். பள்ளி திறக்க ஜூன் ஆகும். நடுவில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது என் மகளுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு வந்த மே மாதங்கள் எல்லாம் எங்கள் மேடவாக்கம் பிளாட்டிலேயே கழிந்தன. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருப்பேன். அவள் மேசைக்குக் கீழே என் காலை மரமாக வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள். கிண்டியில் இருக்கும் என் கணவரின் அலுவலகம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வருடம் முன்பே திறந்துவிட்டது. அப்போது எங்கள் வீட்டில் யாரும் எந்த ஏற்பாட்டையும் பேசவில்லை. நான் வீட்டில் இருந்தேன், அதுவே ஏற்பாடு. நான் வெளியே போக வேண்டும் என்றானபோதுதான் இப்படி ஒரு வேலை வீட்டில் நடந்துகொண்டிருந்ததே எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று வருடம் அதைச் செய்துகொண்டிருந்த எனக்கே அப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

முதலில் அலுவலகத்துக் குழந்தைகள் காப்பகத்தைத்தான் கேட்டேன். சட்டத்துக்கும் என் மகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஜாதகப் பொருத்தம் இல்லை. அவள் பிறந்தது 2016 தொடக்கத்தில். எனக்குக் கிடைத்த பேறுகால விடுப்பு 12 வாரம். அடுத்த வருடம் சட்டத்தைத் திருத்தி, ஏப்ரலிலிருந்து அதை 26 வாரம் ஆக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். எங்கள் வளாகத்தில் காப்பகம் கட்டி முடிப்பதற்குள் அவள் எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டாள். பிறகு ஊரடங்கில் அதைப் பூட்டினார்கள். மறுபடி திறந்தபோது ஓடிப்போய்க் கேட்டேன். "ஆறு வயசு வரைக்கும்தான் மேடம்" என்றார்கள். இவளுக்கு ஏழு. காப்பகங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை என்றுதான் சொல்கிறது. ஆறு வயதானால் பிள்ளை பள்ளிக்குப் போய்விடும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கு லீவு விடுவார்கள் என்பது அந்த அறையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலும்.

எங்கள் மாடியில் ஒரு அக்கா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். அவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் உண்டு. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். "பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு வேணும்னு சேத்து வெச்சிருக்கேன்" என்றார். லிஃப்ட்டில் அதைக் கேட்டதிலிருந்து இரண்டு நாள் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது.

அடுத்தது கோடை முகாம்கள். மார்ச் பிறந்தால் போதும், அபார்ட்மென்ட் வாசலில் பால் பாக்கெட்டோடு துண்டுப் பிரசுரமும் வந்துவிடும். ரோபாட்டிக்ஸ், ரூபிக்ஸ் க்யூப், சிலம்பம், வேத கணிதம், அடுப்பில்லாச் சமையல். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்து நானும் கணவரும் பார்த்தோம். எல்லாமே பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரைதான். என் கேப் எட்டு மணிக்கு வரும்; என் அலுவலகம் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலையில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருந்த காலம் அது, திரும்பி வர ஏழாகும். பத்து மணிக்குக் கொண்டுபோய் விட்டு, பன்னிரண்டரைக்குக் கூட்டி வந்து, சோறு போட்டு, சாயங்காலம் வரை உடன் இருக்க ஓர் ஆள் இருந்தால் முகாமுக்கு அனுப்பலாம். அப்படி ஓர் ஆள் இருந்தால் முகாம் எதற்கு? விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி நல்ல பயிற்சி, ஆனால் அது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. நடுவில் ஒரு செயற்கை மரம், சுற்றிலும் புத்தகங்கள், இவளுக்கு உயிர். சனிக்கிழமைகளுக்கு அது ஆயிற்று. முழுநாள் பார்த்துக்கொள்ளும் டே கேர் ஒன்றும் சோழிங்கநல்லூரில் கிடைத்தது. ஒரே அறையில் கைக்குழந்தைகள் தொட்டிலில், பெரிய பிள்ளைகள் டி.வி. முன்னால். என் மகள் வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, இங்க எல்லாரும் பாப்பா" என்றாள்.

கடைசியில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறாள். உதவிபெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பன்னிரண்டாவது முடித்தபோது, "டீச்சர் ட்ரெயினிங் போ, பிள்ளைக்கு லீவு விடும்போது ஒனக்கும் லீவு" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். கல்யாணமே ஆகாத பெண்ணிடம், பிறக்காத பிள்ளையின் லீவைச் சொல்கிறார்களே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். இன்ஜினியரிங் சேர்ந்தேன். அவர்கள் சொன்னதில் இருந்த கணக்கு அந்தப் பிப்ரவரி மாதம் விளங்கியது. கோபம் என்னவோ இன்னும் போகவில்லை.

"ஏளா, ரெண்டு வாரம்னா பாத்துக்கிடுதேன். அதுக்கு மேல முட்டு தாங்காது. மாடிப்படி ஏறி அவ பின்னால ஓட முடியாது" என்றாள் அம்மா.

ரயில் டிக்கெட்டில் அடுத்த இடி. அப்போதெல்லாம் 120 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். ஏப்ரல் 28 வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸுக்குப் புத்தாண்டு முடியும் முன்பே ஆட்கள் உட்கார்ந்து பதிந்து முடித்திருந்தார்கள். அலுவலகத்து மின்னஞ்சல் வந்ததோ பிப்ரவரியில். காத்திருப்போர் பட்டியலில் மூன்று இலக்கம். ஆம்னி பஸ்ஸில் அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனோம். மே தினம் திங்கட்கிழமை வந்தது புண்ணியம். அவளை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு இரண்டு பகல் கிடைத்தது.

ஆச்சி வீட்டு லீவு என்று எனக்குள் ஒரு படம் இருந்தது. கல்லிடைக்குறிச்சியில் என் ஆச்சி வீடு. மே மாதம் முழுக்க தூத்துக்குடி, மதுரை, பம்பாயிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து இறங்கும். காலையில் தாமிரபரணியில் குளியல், பதினொரு மணிக்கு நுங்கு, மதியம் திண்ணையில் தாயம், ராத்திரி மொட்டை மாடியில் வரிசையாகப் பாய். யார் எங்களைப் பார்த்துக்கொண்டார்கள் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் "யாரும் பாத்துக்கலை, நாங்களா விளையாடுனோம்" என்றுதான் சொல்லியிருப்போம். இந்த முறை அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஆற்றங்கரையில் படித்துறையில் உட்கார்ந்து எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தது சித்தி. பதினாலு பேருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தது பெரியம்மாவும் அத்தையும். ராத்திரி பாயை விரித்தது அம்மா. பள்ளிக்கு லீவு என்பதால் அவளும் அங்கே 'சும்மா' இருந்தாள். மாமாக்களும் பெரியப்பாக்களும் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து மாம்பழக் கூடையை இறக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ஆச்சிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதுகூட இருக்காது, கீழே வேலைக்கு மூன்று மருமகள்கள் இருந்தார்கள். அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. பேத்திக்குத் துணை ஒரு பழைய டி.வி.

ஆனாலும் மகள் நன்றாகத்தான் இருந்தாள். போனில் கூப்பிட்டால் பேச வரமாட்டாள். ஆச்சி அவளை அப்பளக் கடைக்குக் கூட்டிப் போனதும், வாசலில் கோலப்பொடி டப்பாவை முழுக்கக் கொட்டியதும் அம்மா சொல்லித்தான் தெரியும். இரண்டு வாரம் முடியும்போது, "முட்டுக்குத் தைலம் தேச்சு விட்டது ஒம் மகதான்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.

மே நடுவிலிருந்து பள்ளி திறக்கும்வரை வீட்டில் வந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேடியதில், கீழ் பிளாட்டில் பாத்திரம் கழுவ வரும் பெண்ணின் மூலம் ஒரு அக்கா கிடைத்தார். பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவர். முதல் நாள் பேச வந்தபோது சம்பளம், நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எம் பொண்ணையும் கூட்டினு வரட்டா மேடம்? அதுக்கும் ஸ்கூல் லீவு. வூட்ல தனியா உட முடியாது. எட்டு வயசு ஆவுது, ஒரு தொந்தரவும் பண்ணாது."

நாங்கள் மூன்று மாதமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி அவருக்கும் இருந்தது. அவர் அதை ஒரே வரியில் தீர்த்துவிட்டார். கூட்டி வாருங்கள் என்றேன்.

அவர்கள் முன்பு சைதாப்பேட்டையில் அடையாற்றுக் கரையோரம் இருந்தவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையிலிருந்து ஏராளமான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள், அதில் இவர்களும் வந்தார்கள். "அங்க இருந்தா கவலையே இல்ல மேடம். எங்கம்மா வூடு எதுத்தாப்புல. எங்க சித்தி, எங்க நாத்தனார் எல்லாம் ஒரே சந்து. புள்ள எந்த வூட்ல துன்னுச்சுன்னே தெரியாது. இங்க மேல எட்டு மாடி, ஆருன்னே தெரியாது, கதவ சாத்தினு இருக்கோம்" என்றார். வீடு மாறினவர்களுக்கு வேலை போயிற்று, பள்ளி தூரமாயிற்று என்று பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். எதிர் வீட்டு அம்மாவும் போனாள் என்று படித்ததில்லை. அரசுப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

காலையில் பிங்க் பஸ்ஸில் அம்மாவும் மகளும் வந்து இறங்குவார்கள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் போக்குவரத்துச் செலவு அவருக்கு மிச்சம். அந்த பஸ் எப்போது வரும் என்பதுதான் தெரியாது. சாதா பஸ் வரவில்லை என்றால் ஷேர் ஆட்டோ. அதனால் அவர் தாமதமாக வரும் நாளில் நான் கேப்பை விட்டுவிட்டு ஓலா பிடிப்பேன். எங்கள் இருவரின் வேலையும் அந்த ஒரு பஸ்ஸின் மேல் நின்றது.

அபார்ட்மென்ட் கேட்டில் அவர் பெயரைப் பதிய ஆப் இருக்கிறது, வேலை செய்பவர் என்ற பிரிவில். மகளுக்கு எந்தப் பிரிவு? செக்யூரிட்டி முதல் நாள் போன் போட்டு, "மேடம், கூட ஒரு குழந்தை வருது, விசிட்டரா?" என்றார். ஆமாம், என் மகளைப் பார்க்க வந்த விசிட்டர் என்றேன். அந்த லீவு முடியும்வரை அந்தப் பெண் விருந்தாளியாகவே உள்ளே வந்தாள். விளையாட்டுத் திடலில் இரண்டு பேரும் ஊஞ்சலுக்கு நின்றதைப் பற்றி அசோசியேஷன் குழுவில் ஒருவர் பொதுவாக, யாருக்கும் சொல்லாதது போல, 'குடியிருப்போர் வசதிகள் குடியிருப்போருக்கே' என்று போட்டார். என் கணவர் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். இன்றுவரை அது ஆதரவா கிண்டலா என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இரண்டு பெண்களும் அஞ்சாங்கல் ஆடினார்கள். கூழாங்கல்லுக்கு வழி இல்லாததால் எங்கள் பால்கனித் தொட்டியில் இருந்த அலங்காரக் கற்களைப் பொறுக்கிக்கொண்டார்கள். தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம். அவள் இவளுக்குக் கானா பாட்டு சொல்லிக் கொடுத்தாள். இவள் அவளுக்கு டேப்லெட்டில் செஸ் சொல்லிக் கொடுத்து, இரண்டாம் வாரமே தோற்க ஆரம்பித்தாள். ரோபாட்டிக்ஸ் முகாமுக்குக் கட்டாமல் விட்ட பணத்தைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

அக்கா வந்தபோதே சொல்லிவிட்டார். ஜூன் 2 வெள்ளிக்கிழமை வரைதான். திங்கட்கிழமையிலிருந்து ஓ.எம்.ஆரில் ஓர் ஐ.டி. வளாகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை, பி.எஃப். பிடிப்பார்களாம். எனக்கும் அது தோதாகவே இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிகள் ஜூன் 5 திறக்கும் என்று ஏப்ரலிலேயே அறிவித்திருந்தார்கள். அன்று திங்கட்கிழமை. ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் ஏற்பாடு பொருந்தியிருந்தது.

மே கடைசியில் கத்திரி முடியும் நேரத்திலும் வெயில் தணியவில்லை. பள்ளித் திறப்பு ஜூன் 7க்குத் தள்ளிப்போனது. டி.வி.யில் செய்தி ஓடியதும் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பெண்களும் குதித்த குதியில் கீழ் பிளாட்காரர் மேலே வந்துவிட்டார். நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. தள்ளி வைத்தது சரி. ஆனால் அப்படித் தள்ளி வைக்கும்போதெல்லாம், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெண் இருப்பாள் என்று யாரோ நமக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

கணவர் இரண்டு நாள் லீவு கேட்டார். காரணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. அவருடைய மேலாளர் அக்கறையாகவே கேட்டாராம்: "ஏன், வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" இல்லை, அவளுக்கு ஆபீஸ் என்றதும், "அம்மா யாரும் ஊர்ல இல்லையா?" என்றாராம். செவ்வாய்க்கிழமைக்கு லீவு கிடைத்தது. திங்கட்கிழமைக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவளை அலுவலகத்துக்கே கூட்டிப் போனேன். எங்கள் தளத்துக்குள் செல்போனைக்கூடக் கொண்டுபோக முடியாது, வாடிக்கையாளர் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி. பிள்ளையை எங்கே கொண்டுபோக? வரவேற்பறையில் விசிட்டர் பாஸ் போட்டு, கீழே ஃபுட் கோர்ட்டில் ஒரு மூலை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். மேலே போக வேண்டிய மீட்டிங்குகளுக்கெல்லாம் இன்டர்நெட் சரியில்லை என்று சொல்லி ஆடியோவில் சேர்ந்தேன். அவள் மூன்று மேசைகளையும் ஒரு ஜூஸ் கடைக்காரரையும் நட்பாக்கிக்கொண்டாள். மதியம் அங்கிருந்த டி.வி.யில் கீழே எழுத்து ஓடியது. பள்ளித் திறப்பு மறுபடி தள்ளிவைப்பு: 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஜூன் 12, 1 முதல் 5 வரை ஜூன் 14. எனக்கு மூன்று மேசை தள்ளி இன்னொரு பெண் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு போனை எடுத்தாள். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. நானும் திருச்சிக்கு, என் கணவரின் அம்மாவுக்குப் போட்டேன்.

அத்தை மறுநாள் ராத்திரியே வந்துவிட்டார். அங்கே மாமாவுக்குச் சோறு பக்கத்து மெஸ்ஸிலிருந்து. கால் வீக்கத்தோடு பஸ்ஸில் வந்தவரைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. "பேத்தியப் பாக்க வரதுக்கு என்னம்மா" என்றார். அன்றைக்கே அக்காவும் போன் செய்தார். புது வேலையில் சேர்ந்த வாரமே லீவு சொன்னால் நிறுத்திவிடுவார்கள். "அது மட்டும் வந்து ஒக்காந்துகட்டா மேடம்?" என்றார். ஆக ஜூன் 14 வரை காலையில் அக்கா மகளை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, என் அலுவலகம் இருக்கும் அதே சாலையில் இன்னொரு அலுவலகத்துக் கழிப்பறைகளைக் கழுவப் போனார். இரண்டு பிள்ளைகளுக்கும் அத்தைதான்.

முதல் நாள் அத்தை அந்தப் பெண்ணுக்கு மட்டும் பேப்பர் கப்பில் பால் கொடுத்தார். நான் பார்த்தேன், அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது. மறுநாள் அந்த பேப்பர் கப் பாக்கெட்டைக் காணவில்லை. அத்தை அலமாரி முழுக்கத் தேடிவிட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். யார் எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அத்தை அவளுக்குத் தலை பின்னிவிட்டதையும், பேன் சீப்பு வாங்கி வரச் சொன்னதையும் மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அடுத்த வருடம் நான் ஜனவரியிலேயே காலண்டரும் கையுமாக உட்கார்ந்தேன். ரயில் டிக்கெட் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டு இன்னும் மோசம். இரண்டு வாரம் ஒரு வாரமாகச் சுருங்கியது. பள்ளித் திறப்புக்கு ஜூன் 6 என்று சொன்ன தேதியை நான் நம்பவில்லை. நினைத்ததுபோலவே அது 10க்குப் போயிற்று. அலுவலகத்தில் அதற்குள் மூன்று நாள் ஐந்து நாளாகியிருந்தது. வீட்டுக்கு வர ஆள் தேடிக்கொண்டிருந்தபோது ஏப்ரல் நடுவில் அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மேடம், இந்த லீவுக்குப் பாப்பாவப் பாத்துக்க ஆராச்சும் வெப்பீங்க இல்ல? எம் பொண்ண அங்க உடலாமா? சாப்பாடு நா கட்டிக் குடுத்துடுறேன். அந்த வர்ற ஆளுக்கும் மாசம் கொஞ்சம் குடுத்துடுறேன்."

இன்னும் யாரும் கிடைக்கவில்லையே அக்கா என்றேன். "கெடச்சா சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்ச எடத்துல கேக்குறேன்" என்றார். அவர் வேலை பார்க்கும் வளாகத்தில் காப்பகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அந்த அறையையும் தினம் இரண்டு தடவை அவர்தான் துடைக்கிறாராம்.